பாறையில் மூன்று பேர்

இது நடந்தது. சூலு மக்களின் நாட்டில், வடக்கே ஆற்றை ஒட்டிய ஒரு காப்புக்காட்டில் நடந்தது. காட்டின் பெயரை வெளியே சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள், அதனால் சொல்லவில்லை. மற்றபடி எதையும் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. வனக்காவலர் சிசாகெலே தான் கண்டதை வெவ்வேறு நாட்களில் மூன்று முறை சொன்னாள். மூன்று முறையும் ஒரே மாதிரிதான் சொன்னாள். அன்றிரவு கன்ட்ரோல் அறையில் இருந்த பெண், தன் காதில் விழுந்ததை அவளிடம் கேட்காமலேயே சொன்னாள். இரண்டும் ஒத்துப்போயின.

அந்தக் குளிர்காலத்தில்தான் காட்டிலிருந்த காண்டாமிருகங்களுக்கெல்லாம் கொம்பை அறுத்தார்கள். வேலியில் மின்சாரம் விட்டுப் பார்த்தாயிற்று, மோப்ப நாய் கொண்டுவந்தாயிற்று, காவலர்களையே பொய் கண்டுபிடிக்கும் மெஷினில் உட்கார வைக்கவும் தொடங்கியாயிற்று. அப்படியும் பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஒன்றாவது செத்துக் கிடந்தது. கொம்பே இல்லையென்றால் திருடன் எதற்கு வருவான்? ஹெலிகாப்டரிலிருந்து மயக்க ஊசி, கண்ணுக்குக் கறுப்புத் துணி, காதில் பழைய சாக்ஸ், பிறகு மரம் அறுக்கும் மெஷின். மிருகத்துக்கு வலிக்காது, நகம் வெட்டுவது போலத்தான். ஆனால் முடி கருகுவது போல ஒரு நாற்றம் கிளம்பும். அறுத்தவர்களின் சட்டையில் அது நாள்கணக்கில் தங்கும்.

ஒன்று மட்டும் தப்பியது. காவலர்கள் அதைக் கிழவன் என்பார்கள். ஹெலிகாப்டர் சத்தம் கேட்டாலே முள்காட்டுக்குள் புகுந்துவிடும் ஆண் மிருகம். திங்கட்கிழமை மறுபடி முயலலாம் என்று கால்நடை மருத்துவர் சொல்லியிருந்தார். கொம்போடு மிச்சமிருப்பது கிழவன் மட்டும்தான் என்பதும், அது பெரிய பாறைக்குக் கீழே இருக்கும் பள்ளத்தில்தான் படுக்கும் என்பதும் காவலர்கள் ஐந்தாறு பேருக்குத்தான் தெரியும்.

சனிக்கிழமை பௌர்ணமி. அன்று இரவே கிழவனைச் சுட்டு, கோடரியால் முகத்தைப் பிளந்து கொம்பை எடுத்துப் போனார்கள். அதே இரவில் கபசேலாவும் செத்தான்.

அவன் சொந்தப் பெயர் பெக்கிதெம்பா. அந்த ஊரில் மதிக்கும் ஆளைக் குலப்பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அதனால் எல்லாருக்கும் அவன் கபசேலா. ஆறு வருடமாக சிசாகெலேயின் காவல் கூட்டாளி. அன்று அவளுடைய மகளுக்குக் காய்ச்சல். அவள் விடுப்பு கேட்டாள், கிடைத்தது. அவளுக்குப் பதிலாகக் கபசேலாவோடு பாறைக்குப் போனவர் சார்ஜென்ட் மான்சினி. அதுவும் குலப்பெயர்தான்.

நடந்ததைச் சொல்ல மான்சினி ஒருவர்தான் இருந்தார். வயிறு சரியில்லை என்று கபசேலா பாறையை விட்டு இறங்கினானாம். பிறகு பள்ளத்தில் துப்பாக்கிச் சத்தம். விடிந்ததும் தேடினால், ஆற்றுத்துறையில் மார்பில் குண்டோடு அவன் கிடந்தானாம். மான்சினி யார் மீதும் குற்றம் சொல்லவில்லை. எங்கே கிடந்தான் என்று மட்டும்தான் சொன்னார்.

அது போதுமாக இருந்தது. ஆற்றுத்துறை, கொம்பைக் கடத்திப் போகும் வழி. செத்த மிருகம் ஒரு பக்கம், காவலன் மறுபக்கம் என்றால் அலுவலகம் என்ன நினைக்கும்? வழிகாட்டியவன் அவன்தான், பங்கு பிரிப்பதில் தகராறு, சுட்டுவிட்டார்கள் என்று நினைத்தது. அடக்கத்துக்குக் காவலர்கள் யாரும் சீருடையில் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் அவன் பிள்ளைகளைக் கொம்புத் திருடன் பிள்ளை என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். சிசாகெலே ஒருத்திதான் நம்பவில்லை. நம்பாமல் என்ன செய்வது? ஆறு வருடம் கூட நடந்தேன் என்பதைத் தவிர அவளிடம் ஒரு சாட்சியும் இல்லை.

ஒரு விஷயம் மட்டும் யாருக்கும் பிடிபடவில்லை. காவலிடங்களில் இரவில் வாய் திறந்து பேசக் கூடாது. மணிக்கொரு முறை கன்ட்ரோல் ஒவ்வொரு இடத்தின் பெயரையும் காதுக்கருவியில் மெல்லக் கேட்கும். அங்கே எத்தனை பேர் நலமாக இருக்கிறார்களோ, வாக்கி டாக்கியின் பொத்தானை அத்தனை முறை அழுத்த வேண்டும். இரண்டு பேர் என்றால் க்ளிக், க்ளிக். கபசேலா காணாமல் போன இரவில் கன்ட்ரோல் விடியும்வரை அவனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு க்ளிக் வந்தது. உயிரோடு இருக்கிறான் என்றுதான் தேடினார்கள். ஆனால் முன்னிரவிலேயே உயிர் போய்விட்டது என்றார் உடலைப் பார்த்த மருத்துவர். அவனுடைய வாக்கி டாக்கியும் கிடைக்கவில்லை. திருடர்கள் எடுத்துப் போய் விளையாடியிருப்பார்கள் என்று முடித்துவிட்டார்கள்.

வெளியிடத்தில் செத்தவரை வீட்டுக்கு அழைத்து வர வேண்டும் என்பது அங்கே வழக்கம். உடலை அல்ல, ஆவியை. விழுந்த இடத்தில் முள் இலந்தைக் கிளையை வைத்துப் பெயர் சொல்லி எழுப்புவார்கள். கிளையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டால், ஓடை வந்தால் ஓடை என்றும் மேடு வந்தால் மேடு என்றும் அதனிடம் சொல்லிக்கொண்டே நடக்க வேண்டும். வேனில் அதற்குத் தனி இருக்கை. கிளையைத் தூக்கியவர் வீடு சேரும்வரை உயிருள்ள மனிதர் யாருக்கும் ஒரு வார்த்தை பதில் சொல்லக் கூடாது. வீட்டில் அந்தக் கிளையின் இலையை ஆடு தின்றால், ஆள் வந்து சேர்ந்தார் என்று அர்த்தம்.

கபசேலாவின் அண்ணன் ஆற்றுத்துறைக்கு வந்து எல்லாவற்றையும் முறையாகச் செய்தார். சிசாகெலேதான் துப்பாக்கியோடு துணைக்குப் போனாள். மறுநாள் கபசேலாவின் மனைவி நோமாசொன்டோ போன் செய்தாள்.

"ஆடு வாயே வைக்கல சிசா. மூந்து பாத்துட்டுத் திரும்பிக்கிச்சு. வெறுங்கிளையத்தான் தூக்கிட்டு வந்திருக்காங்க."



அடுத்த பௌர்ணமி வந்தது. கபசேலா செத்த பிறகு சிசாகெலேவுக்குப் பாறைக் காவல் வந்தது அன்றுதான். அவளோடு பாறைக்குப் போக வேண்டியவனுக்கு முதுகுப் பிடிப்பு. மான்சினியைப் போகச் சொன்னார் அதிகாரி. நான் ஆற்றுத்துறைக் காவலுக்குப் போகிறேன், பாறைக்கு வேறு ஆளைப் போடுங்கள் என்று மான்சினி இரண்டு முறை கேட்டுப் பார்த்தார். அதிகாரி ஒத்துக்கொள்ளவில்லை.

காட்டு வாசலில் மடோடா என்ற காவலன் நின்றிருந்தான். யாரையும் சும்மா விட மாட்டான்.

"அடுத்த வாரம் பொய் கண்டுபிடிக்கிற மெஷின்ல உங்க முறையாமே மான்சினி? பாத்து உக்காருங்க. பக்கத்து ஊர்ல இன்னொரு வீடு இருக்கிறதெல்லாம் அது சொல்லிடுமாம்."

"நீ உக்காந்தா மெஷினே எந்திரிச்சு ஓடிடும்" என்றாள் சிசாகெலே.

வழக்கமாக இதற்கெல்லாம் மான்சினிதான் முதலில் சிரிப்பார். அன்று காதிலேயே வாங்காதவர் போல நடந்துகொண்டிருந்தார்.

சூரியன் இறங்கும்போதே எதிர்ப்பக்கம் நிலா ஏறிவிட்டது. ஊசி குத்துவது போன்ற குளிர். உதிரி உதிரியான சோளக்களியைப் புளித்த பாலில் பிசைந்து சிசாகெலே சாப்பிட்டாள். மான்சினி தன் டப்பாவைத் திறக்கவே இல்லை. பள்ளத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். காவலுக்கு வந்தவர், காக்க வேண்டிய இடத்துக்கு முதுகைக் காட்டி.

"இந்தப் பக்கம் திரும்பி உக்காருங்களேன்."

"அதை நீ பாத்துக்கோ தங்கச்சி. பின்பக்கமா யாராச்சும் ஏறி வந்தா?"

பின்பக்கம் செங்குத்துப் பாறை. ஓணான்கூட ஏறாது. 

ஏழு மணி. காதில் கன்ட்ரோல் பெண்ணின் குரல் மெல்லக் கேட்டது.

"பாறை?"

சிசாகெலே பொத்தானை அழுத்தினாள். க்ளிக். க்ளிக்.

கையை எடுத்துவிட்டாள்.

க்ளிக்.

மான்சினியின் கை தவறிப் பட்டிருக்கும் என்று நினைத்தாள். திரும்பிப் பார்த்தாள். அவருடைய இரண்டு கைகளும் கோட்டுப் பைகளுக்குள் இருந்தன. வாக்கி டாக்கி தோளில் தொங்கியது.

"நீங்க அழுத்தினீங்களா?"

"இல்ல."

"மூணாவதா ஒண்ணு வந்துச்சே."

"பழைய செட்டு. குளிர்ல அப்படித்தான்."

சொன்னவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அந்தக் குளிரில் அவருக்கு வியர்த்திருந்தது.

கொஞ்ச நேரத்தில் கீழே நான்கு காண்டாமிருகங்கள் வந்தன. நிலா வெளிச்சத்தில் மழுங்கிப்போன மூக்குகள். மேய்ந்துகொண்டே பள்ளத்தின் விளிம்புவரை வந்தவை அப்படியே நின்றன. ஒன்றும் உள்ளே இறங்கவில்லை. உள்ளேதான் நல்ல புல் இருந்தது. நான்கும் விளிம்பிலேயே, பள்ளத்தைப் பார்த்தபடி நின்றன. மூச்சு மட்டும் வெள்ளை வெள்ளையாகப் புகைந்தது.

எட்டு மணிக்குச் சற்று முன்பாக மான்சினியின் வாக்கி டாக்கியைக் கேட்டு வாங்கினாள். தன்னுடையதையும் கழற்றினாள். இரண்டையும் பாறை மேல் தன் முன்னால் வைத்துக்கொண்டாள்.

"பாறை?"

தன்னுடையதை இரண்டு முறை அழுத்தினாள். விரலை எடுத்தாள். மான்சினியின் செட் தொடுவாரில்லாமல் கிடந்தது.

க்ளிக்.

சற்று முன் கேட்டதைவிடத் தெளிவாக. பக்கத்தில்.

"மூணு" என்றது கன்ட்ரோல் பெண்ணின் குரல், சாதாரணமாக. "சரி, பாறை."



"மூணுன்னு சொல்றா, மான்சினி."

அவர் கண்ணை மூடியிருந்தார்.

அப்போதுதான் அந்த நாற்றம் வந்தது.

முடி கருகும் நாற்றம்… கொம்பை அறுக்கும்போது வருமே, அது. அறுப்பு முடிந்து மாதம் ஒன்றுக்கு மேல் ஆகிவிட்டது. மெஷின்கள் நகரத்துக்குப் போய்விட்டன.

ஓடைப்பக்கம் தவளைகள் கத்திக்கொண்டிருந்தன. ஒரே சமயத்தில் நின்றன.

விளிம்பில் இருந்த நான்கும் ஓரடி பின்வாங்கின.

பள்ளத்தின் நடுவில் ஐந்தாவது ஒன்று நின்றுகொண்டிருந்தது.

எப்போது வந்தது? எந்தப் பக்கமாக? அவள் கண்ணை எடுக்கவே இல்லையே.

தொலைநோக்கியைத் தூக்கினாள். 

கொம்பு இருந்தது.

நீளமாக, நிலவில் மினுங்கிக்கொண்டு… முழுக் கொம்பு.

அந்தக் காட்டில் கொம்புள்ள மிருகம் ஒன்றுகூட இல்லை.

நான்கின் மூச்சும் குளிரில் புகைந்தது. ஐந்தாவதன் மூக்கிலிருந்து எதுவும் வரவில்லை.

"மான்சினி… திரும்பிப் பாருங்க."

அவர் திரும்பவில்லை. எழுந்து நின்றார். தொப்பியைக் கழற்றிப் பாறை மேல் வைத்தார். துப்பாக்கியை அதன் பக்கத்தில் வைத்தார்.

பாறையின் ஓரத்தில் முள் இலந்தை ஒன்று இருந்தது. அதில் ஒரு கிளையைப் பிடித்தார்.

முறித்தார். கையிலிருந்து ரத்தம் சொட்டியது. அவர் அதைப் பார்க்கவும் இல்லை.

"எங்க போறீங்க?"

பதில் இல்லை.

"மான்சினி, எங்க போறீங்க?"

பதில் இல்லை. அவள் பக்கம் முகம்கூடத் திரும்பவில்லை.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. கிளையைத் தூக்கியவர் உயிருள்ளவர்களுக்குப் பதில் சொல்லக் கூடாது.

அவர் இறங்கினார். நான்கு மிருகங்களும் வழிவிட்டன. பள்ளத்துக்குள் நேராக நடந்து, இரண்டு கற்களுக்கு நடுவில் மண்டியிட்டார். தேடவில்லை. தடுமாறவில்லை. அவருக்கு இடம் தெரிந்திருந்தது.

கிளையைத் தரையில் வைத்தார்.

காற்றே இல்லாத இரவு. ஒவ்வொரு சொல்லும் மேலே கேட்டது.

"கபசேலா. நான்தான் மான்சினி. நீ விழுந்த இடம் இது. உன்னைத் தூக்கிட்டுப் போய் துறையில போட்டவன் நான். எந்திரி. வீட்டுக்குப் போலாம்."

நிறுத்தினார். யாரோ சொல்வதைக் கேட்பவர் போலத் தலையை ஆட்டினார்.

"ஆமா. பிள்ளைங்ககிட்டயும் சொல்றேன்."

கிளையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். சிசாகெலே பள்ளத்தைப் பார்த்தாள்.

கொம்புள்ளது இல்லை.

"இங்க கல்லு இருக்கு, பாத்து வா…" குரல் நகர்ந்தது. "இது ஓடை. தாண்டு…" தூரத்தில், "மேடு வருது…"

ஒவ்வொன்றுக்கும் பிறகு கொஞ்சம் நின்றார். கூட வருபவருக்கு வழிவிடுபவர் போல.

பிறகு குரல் கேட்கவில்லை.

தவளைகள் மறுபடி கத்தத் தொடங்கின.

ஒன்பது மணி.

"பாறை?"

சிசாகெலே ஒருமுறை அழுத்தினாள். க்ளிக்.

காத்திருந்தாள்.

எதுவும் வரவில்லை.

"பாறை… ஒண்ணுதான் வந்துச்சு" என்றது கன்ட்ரோல். "மத்த ரெண்டு பேரும் எங்க?"

வாசலில் மடோடா மான்சினியைப் பார்த்திருக்கிறான். என்னய்யா, துப்பாக்கி எங்கே, கையில் என்ன ரத்தம் என்று கேட்டதற்குப் பதிலே இல்லையாம். கிளையிடம், "இது வாசல். குனிஞ்சு வா" என்று சொல்லிவிட்டுக் கடந்து போனாராம். இரவெல்லாம் நடந்து பெரிய சாலைக்குப் போய் விடிந்ததும் முதல் வேனில் ஏறியிருக்கிறார். இரண்டு இருக்கைக்குப் பணம் கொடுத்திருக்கிறார். ஓட்டுநர் ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பக்கத்தில் ஓட்டுகிறவர்களுக்குக் கிளையைப் பார்த்தாலே தெரியும்.

கபசேலாவின் வீட்டில், முன்னோருக்கென்று விட்டிருக்கும் பின்சுவர் ஓரத்தில் கிளையை வைத்தார். நோமாசொன்டோ ஆட்டை அவிழ்த்து விட்டாள். இலை ஒன்று பாக்கி இல்லாமல் தின்றுவிட்டு, காம்பையும் மென்றது. அதற்குப் பிறகுதான் மான்சினி வாய் திறந்தார். எங்கிருந்து அழைத்து வந்தேன் என்று அவளிடம் சொன்னார். கிழவனின் கொம்புக்காக யார் யாரோடு பேசினார், என்ன வாங்கினார் என்பதையும் சொன்னார். பிள்ளைகளைக் கூப்பிட்டு அவர்களிடமும் சொன்னார். மாலையில் போலீஸ் நிலையத்தில் மறுபடி சொன்னார்.

திட்டம் எளிமையானது. ஏதோ சத்தம் கேட்கிறது என்று சொல்லிக் கபசேலாவை மான்சினி ஆற்றுத்துறைக்கு அனுப்பிவிட வேண்டும். அவன் திரும்புவதற்குள் வேலை முடிந்துவிடும். ஆனால் பாதி வழியிலேயே கிழவனின் கத்தல் கேட்டு அவன் ஓடி வந்துவிட்டான். பள்ளத்தில் மிருகத்துக்கும் துப்பாக்கிகளுக்கும் நடுவே போய் நின்றான். சுட்டது தான் இல்லை என்றார் மான்சினி. இடத்தைக் காட்டியதும், உடலைத் துறைக்குத் தூக்கியதும் தான் என்றார்.

அடுத்த வாரம் கபசேலாவின் குழிமேட்டில் காவலர்கள் எல்லாரும் சீருடையில் வரிசையாக நின்றார்கள். அவனுடைய பெரிய பையன் அப்பாவின் காவல் தொப்பியை வாங்கிக்கொண்டான்.

அந்தப் பௌர்ணமிக்கு மறுநாள் காலையிலேயே தடம் பார்ப்பவர் ஒருவர் பள்ளத்துக்குப் போனார். விளிம்பில் நான்கு மிருகங்களின் தடம். உள்ளே மான்சினியின் பூட்ஸ் தடம் மட்டும். வேறு எதுவும் இல்லை.

கன்ட்ரோல் பெண் சொன்னதுதான் சிசாகெலேயின் தூக்கத்தைக் கெடுத்தது. அந்த ஒரு மாதமும், பாறையில் யார் காவல் இருந்தாலும், மூன்று க்ளிக்தான் வந்ததாம். காவல் இருந்தவர்கள் செட் கோளாறு என்று விட்டுவிட்டார்கள். கிழவன் செத்த இடம் என்பதால் கூடுதலாக ஒருவரைப் போட்டிருப்பார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டாளாம். மான்சினியிடம் ஒருமுறை கேட்டும் இருக்கிறாள். ஆமாம், மூன்று பேர்தான் என்று சொன்னாராம்.

பிறகு பள்ளத்தைத் தோண்டினார்கள். அதே இரண்டு கற்களுக்கு நடுவில், பிளாஸ்டிக் பையில் சுற்றி, கபசேலாவின் வாக்கி டாக்கி புதைந்திருந்தது. அதில் பேட்டரி இல்லை. பேட்டரி மான்சினியின் வீட்டில், உடுப்புப் பெட்டிக்கு அடியில் கிடைத்தது. கொலை நடந்த இரவிலேயே கழற்றியதாம்.

புதைக்கப்போகிற செட்டில் பேட்டரியை எதற்குக் கழற்றினாய் என்று போலீஸ்காரர் கேட்டார். சிசாகெலே அப்போது பக்கத்தில் நின்றிருந்தாள்.

"கன்ட்ரோல் அவனைக் கூப்பிட்டுக்கிட்டே இருந்துச்சு" என்றார் மான்சினி. "இது பதில் சொல்லிக்கிட்டே இருந்துச்சு. அதான் கழட்டினேன்."

"கழட்டினதுக்கு அப்புறம் நின்னுச்சா?"

மான்சினி தன் உள்ளங்கையைப் பார்த்தார். முள் கிழித்த இடம் இன்னும் ஆறியிருக்கவில்லை.

"இல்ல" என்றார்.